பச்சை நூல் கட்டிய குப்பி

கேக்கின் மூன்று மூலைகள் கத்தி போட்டு நறுக்கியதுபோல் வந்துவிட்டன. நாலாவது மூலையில் ஸ்கிரேப்பரை வைத்து இழுக்கப்போன நேரத்தில் உள்ளறையில் மூச்சுச் சத்தம் நின்றது. சுல்ஃபத்தின் கையும் நின்றது. பட்டர்கிரீமில் பாதி பதிந்த ஸ்கிரேப்பரைப் பிடித்தபடி காதை மட்டும் அறைப் பக்கம் அனுப்பினாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். பிறகு துருப்பிடித்த கீல் திரும்புவதுபோல் ஒரு கரகரப்பு வந்தது. மாமனார் பரீத் ராவுத்தர் மறுபடி மூச்சு விட்டார். அவளும் விட்டாள்.

வட்டக் கேக்கு என்றால் இந்தப் பாடு கிடையாது. தட்டைச் சுழற்றிவிட்டு ஸ்கிரேப்பரை ஆடாமல் பிடித்துக்கொண்டால் அதுவாகவே வழவழப்பாகிவிடும். சதுரத்துக்கு அந்த இரக்கம் இல்லை. ஒரு பக்கத்தை நேராக்கினால் வழிந்த கிரீம் அடுத்த பக்கத்தின் ஓரத்தில் காதுமடல்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதை வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் மூலை மழுங்கிவிடும். கொச்சிப் பக்கத்துக் கும்பளங்கியில் வீட்டோடு விருந்தினர் விடுதி நடத்தும் ஸாதனா, அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று கேட்டிருந்தாள். பூ வேண்டாம், எழுத்து வேண்டாம், வெள்ளையாக, சதுரமாக, வழவழவென்று இருந்தால் போதும் என்றாள். போதுமாம். பூ இருந்தால் அதன் அடியில் நூறு குற்றத்தை ஒளித்துவிடலாம். ஒன்றுமில்லாத வெள்ளையில் எதை ஒளிப்பது?

அன்றைக்குப் பார்த்து அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயம். இருட்டுக்குப் பயப்படுகிற பயமில்லை, அடிவயிற்றில் பனிக்கட்டியை வைத்துக் கட்டினாற்போல ஒரு பயம். இத்தனை வயதுக்கு அவள் ஒரு மௌத்தை, ஒரு சாவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா போன அன்று, சின்னப் பிள்ளை பயந்துவிடும் என்று அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பாடத்தைப் படிக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். இனிப் படிக்காமல் முடியாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மாமாவை வீட்டுக்கு அனுப்பிய அன்றே தெரிந்துவிட்டது. அதிலிருந்து அல்லாஹ்விடம் அவள் கேட்ட துஆ எல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நான் தனியாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

அப்படித்தான் இருந்தாள் இப்போது, தனியாக. அப்ஸல் வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலில் காலை வேலைக்குப் போயிருந்தான். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நாத்தனார் அன்ஸியா, மாற்றுத்துணி எடுக்கத் தோப்பும்படியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். "ரெண்டு மணிக்கூர்ல வந்துருவேன். நேத்தைக்குப் பார்க்க இன்னைக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. நீ பயப்படாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடும் என்று நம்புகிற ஜாதி அன்ஸியா. சுல்ஃபத் தலையாட்டிவிட்டு மாவு படிந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். கைக்கு வேலை இல்லாவிட்டால் காதுக்கு மட்டும்தான் வேலை இருக்கும். அதை அவளால் தாங்க முடியாது.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அன்ஸியா ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லியிருந்தாள். நேரம் வருகிறது என்று தெரிந்தால் மக்காவின் சம்சம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். காதருகில் கலிமா சொல்ல வேண்டும். ஹஜ்ஜுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு நபீஸாத்தா கொடுத்த சம்சம் பெரிய கேனில் இருந்தது. சாகக் கிடக்கிறவர் வாயில் கேனிலிருந்தா ஊற்றுவது? அன்ஸியாவுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. கேக்கு அடுக்குகளை நனைக்கச் சுல்ஃபத் வானிலா மணக்கும் சீனிப்பாகு ஊற்றி வைக்கும் மூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பிகளில் ஒன்றைக் கழுவிச் சம்சம் நிரப்பி, அடையாளத்துக்குக் கழுத்தில் பச்சை நூல் கட்டினாள். தலைமாட்டில் இருந்த அந்தக் குப்பியை, வெயிலில் தண்ணீர் சூடாகிறது என்று காலையில்தான் ஃப்ரிட்ஜ் கதவில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் சீனிப்பாகுக் குப்பி இருந்தது.

சுல்ஃபத் ஸ்கிரேப்பரைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்தாள். மூலையில் வைத்தாள். உள்ளே சத்தம் மாறியது.

இது நின்று வருகிற மூச்சில்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. ஒன்று வந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்து அப்ஸலைக் கூப்பிட்டபோது திரை முழுக்கக் கிரீம் ஒட்டியது.

"மாமாவுக்கு என்னவோ மாதிரி இருக்கு. வேகம் வாங்க."

"அக்கா எங்க?"

"இன்னும் வரல. நான் மட்டுந்தான்."

அந்தப் பக்கம் லாரிகளின் இரைச்சல். "இதோ வேலையில இருந்து எறங்கிட்டேன். பாலம் தாண்டி வரணும்ல. நீ அத்தாகிட்ட போ. சம்சம் குடு, கலிமா சொல்லு. சுல்ஃபி, அத்தாவை அப்படியே விட்றாதே. அது ஒண்ணு செஞ்சா போதும்."

அது ஒன்று. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அறை வாசலில் கால் நின்றுவிட்டது. உயிரை வாங்க வருகிறவர் வாசல் வழியாகத்தான் வருவார், அந்த நேரத்தில் நிலைப்படியில் நிற்கக்கூடாது என்று நபீஸாத்தா சொல்லியிருந்தாள். ஏற்கெனவே வந்துவிட்டாரா, இனிமேல்தான் வருவாரா? அறைக்குள் கட்டில், மருந்து ஸ்டூல், மாமா. வேறு யாரும் தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது. யாருக்கோ வழிவிடுவதுபோல் சுவரை ஒட்டிச் சரிந்து உள்ளே போனாள்.

மாமாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "மாமா" என்றாள். குரல் வரவில்லை. குப்பியின் மூக்கை உதட்டோரம் வைத்து லேசாக அழுத்தினாள். "லா இலாஹ இல்லல்லாஹ்." அது வந்தது. சின்ன வயதிலிருந்து சொன்ன வார்த்தை, பயத்தைத் தாண்டி அதுவாகவே வந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. மாமாவின் தொண்டை அசைந்தது. நாக்கு வெளியே வந்து மேலுதட்டை ஒரு சுற்று சுற்றியது.

கண் திறந்தது. நேராக அவளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

நேற்று முழுக்க ஒரு வார்த்தை பேசாத மனிதர். சம்சத்தின் பரக்கத்து, அதன் அருள் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் விட்டாள். விழுங்கினார். மறுபடி உதட்டைத் திறந்தார், மறுபடி விட்டாள். அவர் முகத்தில் ஒரு களை வந்தது. அந்தக் களை அவளுக்குத் தெரியும். அன்ஸியா அந்தப் பக்கம் திரும்பும்போது சாயாவில் கள்ளத்தனமாக ஒரு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கி முதல் வாய் குடிப்பாரே, அப்போது வருகிற முகம். அந்த முகத்தோடேயே ஒரு மூச்சு விட்டார். அவள் கலிமா சொல்லிக்கொண்டே அடுத்ததற்குக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

குப்பியை ஸ்டூலில் வைக்கப் போனபோது அது கையை விட்டு வரவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

தண்ணீர் ஒட்டாது.

குப்பியின் கழுத்தைப் பார்த்தாள். நூல் இல்லை.

சுல்ஃபத் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்த கை, தினமும் எடுப்பதை எடுத்துவிட்டது. கண் பார்க்கவில்லை. சர்க்கரை நோயில் கால்விரலைப் பறிகொடுத்த மனுஷன். இந்த வீட்டில் அவருக்கு ஒரு பேரீச்சம்பழம்கூடக் கிடையாது என்று அன்ஸியா சட்டம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த வாயில் சீனிப்பாகு. கொன்றுவிட்டேனா? இல்லை, போகிற உயிர்தான். ஆனால் சம்சம் இல்லாமல் போய்விட்டது. புருஷன் கேட்டது ஒன்றே ஒன்று, அது நடக்கவில்லை. இதை யாரிடம் சொல்வது, எந்த வாயால் சொல்வது? பக்கத்தில் ஒரு மய்யத்து கிடக்கிறது என்ற பயத்தையே இந்தப் பயம் தின்றுவிட்டது.

ஒரு எறும்பு தலையணை ஓரத்தில் ஏறியது.

அவள் எழுந்து ஈரத்துணியால் மாமாவின் உதட்டைத் துடைத்தாள். தாடியைத் துடைத்தாள். குப்பியைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தபோது, பச்சை நூல் கட்டியது கழுத்துவரை நிறைந்து ஒன்றும் அறியாததுபோல் நின்றது. பிறகுதான் நபீஸாத்தாவின் வாசலுக்குப் போனாள்.

நபீஸாத்தா வந்து கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வீடு நிறையத் தொடங்கியது. அப்ஸல் சட்டை நனைந்து வந்து அத்தாவின் நெற்றியில் கைவைத்து அப்படியே நின்றான். அன்ஸியா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தாள். அழுது முடித்ததும் முதல் வேலையாகச் சுல்ஃபத்தின் தோளைப் பிடித்தாள்.

"சம்சம் குடுத்தியா?"

இதற்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாளோ என்று தோன்றியது.

"குடுத்தேன் மைனி. குடிச்சாரு. இன்னும் கொஞ்சம்னு கேட்டாரு."

குடுத்தேன் என்ற ஒரு வார்த்தையைத் தவிர எல்லாமே உண்மை. அந்த ஒரு வார்த்தை போதுமே. அன்ஸியாவின் முகம் மலர்ந்து மறுபடி உடைந்தது. "கேட்டாரா? வாய் தொறந்து கேட்டாரா?" அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "அத்தா சம்சம் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருக்காரு." "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நல்ல மௌத்து என்றார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது சொன்னார்கள். முற்றத்து ஆண்கள் வரை போய்விட்டது. ஊதாமலே எரிகிற நெருப்பு. சிலர் வந்து சுல்ஃபத்தின் கையைப் பிடித்து, "அந்தக் கைக்கு நன்மை எழுதியாச்சு மோளே" என்றார்கள். பிசுபிசுப்பு இன்னும் போகாத அந்தக் கையை அவள் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். சுல்ஃபத் ஓதவில்லை, எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக ஒரு வரிசை வந்து கட்டிலின் கால்வழியே ஏறியது. ஒன்று போர்வையைத் தாண்டித் தாடியருகில் வந்தபோது யாரும் பார்க்காமல் முக்காட்டு நுனியால் தட்டிவிட்டாள். அடுத்ததைத் தட்டுவதற்குள் அன்ஸியா பார்த்துவிட்டாள்.

"இதென்ன எறும்பு, அத்தா மேல?"

சுல்ஃபத் முக்காட்டு நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வீடு முழுக்கச் சீனிய எறைச்சு வச்சா வராம என்ன செய்யும்? அடுக்களையில பார்த்தேன். அத்தா இழுத்துக்கிட்டு கெடக்கும்போதும் கேக்குதான் தேச்சுக்கிட்டு இருந்தியா நீ?"

சுல்ஃபத் தலை குனிந்துகொண்டாள். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. பழி கேக்கின் மேல் போய்விட்டது. அது எத்தனை வேண்டுமானாலும் சுமக்கட்டும். கேக்கு எடுக்க வந்த ஸாதனாவின் டிரைவர், வாசலில் கிடந்த செருப்புகளையும் தெருவில் போட்ட பெஞ்சுகளையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம்.

மய்யத்தைக் குளிப்பாட்டப் பின்முற்றத்தில் துணி மறைப்புக் கட்டினார்கள். அப்ஸலும் பள்ளி உஸ்தாதும் உள்ளே போனார்கள். அறையில் மய்யத்தைச் சுற்றும் கஃபன் துணியை விரித்து அத்தர் பூசிக்கொண்டிருந்த அன்ஸியா குரல் கொடுத்தாள்.

"சுல்ஃபி, அந்தச் சம்சம் குப்பியை எடுத்துட்டு வா. மிச்சம் இருக்கிறதைக் கஃபன்ல தெளிச்சுரலாம்."

மிச்சம்.

அடுக்களையில் சுல்ஃபத் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக் குறையவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்கிறது, இங்கே மூடிவரை நிற்கிறது. கொஞ்சம் கொட்டினால் போதும். சிங்க்கின் முன்னால் போனாள். மீன் கழுவின தண்ணீர் போகிற குழியில் சம்சத்தை ஊற்றுகிறவளை நிலம் தாங்குமா? கை பின்வாங்கியது. குடித்துவிடலாம். குப்பியை உதடுவரை கொண்டுபோனாள். சம்சம் குடிக்கும்போது மனதில் ஒரு நல்ல நாட்டம் வேண்டும். பொய்யை மறைக்க வேண்டும் என்பதா நாட்டம்? உதடு திறக்க மறுத்தது. மாமாவுக்குப் போக வேண்டியது என் வயிற்றுக்கா?

"சுல்ஃபி" என்று மறுபடி அன்ஸியாவின் குரல்.

பின்வாசல் திறந்து அப்ஸல் வந்தான். முழங்கை வரை ஈரம், கற்பூர வாசனை. அவள் கையில் இருந்த குப்பியைப் பார்த்தான். நூலைப் பார்த்தான். நிறைந்து நின்ற தண்ணீரைப் பார்த்தான்.

"விரல்ல துணி சுத்தி அத்தா பல்லைத் துடைச்சேன்" என்றான் மெதுவாக. "வானிலா மணம் வந்துச்சு."

சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. "தெரியாம எடுத்துட்டேங்க. அந்த அவசரத்துல கை அதைத்தான் எடுத்துச்சு. அறியாமதான்."

"அக்கா சொன்னா, இன்னும் கேட்டாருன்னு."

"கேட்டாரு. அது பொய் இல்ல."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "சாயாவுல கள்ளச் சீனி போட்டுக் குடிப்பாருல்ல. அப்படி."

அப்ஸல் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவள் கையிலிருந்து குப்பியை வாங்கி, கிப்லா பக்கம் திரும்பி நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மடக்குக் குடித்தான். மூடியைத் திருகினான். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது.

"மிச்சம் இதுதான்னு அக்காகிட்ட குடு" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியே போனான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மய்யத்து வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருவை நிறைத்துப் போனார்கள். சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கிடங்கு வாசலில் எழுந்து நின்றார்கள். பரீத் ராவுத்தர் ஒரு காலத்தில் சுக்குத் தரகு பார்த்த தெரு அது. சத்தம் தேய்ந்ததும் வந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நபீஸாத்தா கஞ்சி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுக்களையில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கேக்கு மேசைமேல் அப்படியே இருந்தது. கொச்சியின் புழுக்கத்தில் கிரீம் இளகி, மூன்று மூலைகளும் முனை மழுங்கியிருந்தன. நாலாவது மூலை ஸ்கிரேப்பர் பட்ட இடத்தில் குழிந்து சரிந்திருந்தது.

அன்ஸியா தண்ணீர் குடிக்க வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் என்னமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"இல்ல மைனி."

"போன பெருநாளைக்கு அத்தா இந்த வாசப்படியில வந்து நின்னாரு. நீ கேக்கு மேல்பக்கத்தைச் சீவிப் போட்டிருந்தியே, அந்தத் துண்டு. ஒரே ஒரு வாய் குடு மோளேன்னாரு. நான் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வச்சேன்." அவள் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சேன். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வாய் இனிப்பு நாக்குல படாம மண்ணுக்குப் போயிட்டாரு பாரு. அதை இனி நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

சுல்ஃபத் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். புருஷன் மூடிக் கொடுத்துவிட்டான், மண்ணும் மூடிக்கொண்டிருக்கிறது. சொன்னால் அன்ஸியா வீட்டைக் கூட்டுவாள், தெருவைக் கூட்டுவாள். நல்ல மௌத்து என்று சொன்ன வாய்களெல்லாம் திரும்பும். சொல்லாவிட்டால் இந்த மனுஷி சாகிறவரைக்கும் அந்தத் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே இருப்பாள்.

அவள் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இந்த முறை பார்த்துத்தான் எடுத்தாள், நூல் இல்லாததை.

"கையை நீட்டுங்க மைனி."

சம்சம் என்று நினைத்திருப்பாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்தியாக உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். சுல்ஃபத் குப்பியை அழுத்தினாள். அன்ஸியா பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளங்கையை உதட்டில் வைத்தாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது. சுல்ஃபத்தின் கையில் இருந்த குப்பியைப் பார்த்தாள். அதன் கழுத்தைப் பார்த்தாள். ஜன்னலில் வைத்திருந்த, பச்சை நூல் கட்டிய, கஃபனில் தெளித்துக் காலியான இன்னொரு குப்பியைப் பார்த்தாள். சுல்ஃபத்தின் முகத்துக்கு வர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இதையா கேட்டாரு?"

சுல்ஃபத் தலையசைத்தாள். மேசையைப் பிடித்தபோது கட்டைவிரல் கேக்கின் ஓரத்தில் பதிந்தது.

அன்ஸியாவின் நாக்கு வெளியே வந்து மேலுதட்டை ஒரு சுற்று சுற்றியது. பிறகு உள்ளங்கையைக் குழித்து மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் விடு" என்றாள்.

குப்பியில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. சுல்ஃபத் அதைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினாள்.